மச்சாளைக் கட்டச் சட்டத்தில் இடமுண்டோ

மிருணாளினியின் அலுவலகம் பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், ஒரு சேலைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. சட்டம் படிக்கும்போது அநீதிக்கு எதிராக வாதாடப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தாள். லா சப்பலில் பெயர்ப்பலகை மாட்டிய பிறகு அந்த நினைப்பு மெல்ல மெல்லக் கழன்றது. சனத்துக்கு வழக்கறிஞர் எதற்கென்றால், தாங்கள் ஏற்கெனவே செய்து முடித்த விசர் வேலைக்குச் சட்டமும் சேர்ந்து தலையாட்டுவதற்கு. ஆட்டாவிட்டால் சட்டத்தில் பிழை. சட்டத்தில் பிழையில்லை என்றால் அவளில் பிழை.

சனிக்கிழமை காலையில் முன்பதிவு இல்லாமலே வரலாம் என்று, மனம் இளகியிருந்த ஒரு பொழுதில் அறிவித்துவிட்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் படிக்கட்டு முழுக்கச் சனம். ஒருவருக்கு, தான் மீன் பொரிக்கும்போதெல்லாம் கதவில் வந்து தட்டும் மேல்வீட்டு வெள்ளைக்காரி மேல் வழக்குப் போட வேண்டும். அவள் போடுவதற்குள் முந்திக்கொண்டால் வெற்றி தனக்குத்தானே என்று கேட்டார். இன்னொருவருக்கு, தங்கையின் மாப்பிள்ளை தந்த சாதகம் பொய்ச் சாதகம் என்று, தங்கைக்கு மூன்று பிள்ளை பிறந்த பிறகு தெரியவந்திருந்தது. செவ்வாய் தோசத்தை மறைத்ததற்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் என்ன பிரிவு என்று அவர் கேட்டார். இல்லை என்று சொன்னதும், "பிறகென்ன பெரிய சட்டம்" என்றபடி எழுந்து போனார்.

இந்தச் சனிக்கிழமை முதலில் வந்தவர் ஸ்ரீஸ்கந்தராசா. மளிகைக் கடைக்காரர், கோயில் நிர்வாகத் தெரிவில் தலைவர் பதவிக்கு நின்று தோற்றவர்.

"தங்கச்சி, உந்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் எங்கை இருக்கு?"

"ஸ்ட்ராஸ்பூரிலை."

"ரெயின் நேரை போகுமோ?"

"ரெயின் போகும் அண்ணை. உங்கடை வழக்குப் போகாது. தேர்தலிலை தோக்கிறது மனித உரிமை மீறல் இல்லை."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எதிர்க்கட்சி இவளையும் வாங்கிவிட்டது என்று அவருக்கு விளங்கிவிட்டது. "ஞானசுந்தரம் அண்ணை போகும் எண்டவர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஞானசுந்தரம். இந்தப் பெயரைக் கேட்காமல் மிருணாளினிக்கு ஒரு சனிக்கிழமையும் விடிந்ததில்லை. எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் யன்னலோர மேசை அவருக்கு நிரந்தரம். எண்பதுகளில் வந்து இறங்கியவர். அந்தக் காலத்தில் பிரெஞ்சு தெரிந்த தமிழர் அரிது என்பதால், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போய் நாலு வார்த்தை பேசியிருக்கிறார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த நாலு வார்த்தையிலேயே அவர் சட்டம் படித்து முடித்துவிட்டார். சனம் அவரை அப்புக்காத்து என்றது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்து வக்கீல்மாருக்கு இருந்த பட்டம். தடிமனுக்கு நாட்டு வைத்தியப் பரியாரியிடம் போகிற மாதிரி எல்லோரும் முதலில் அவரிடம் போவார்கள். பின்பு, நோய் முற்றி மூச்சு வாங்கத் தொடங்கியதும், மேலே ஏறி மிருணாளினியிடம் வருவார்கள். அவளிடம் வரும்போதும் அவளை நம்பி வருவதில்லை. அண்ணை சொன்னது சரிதானா என்று பார்க்க வருவார்கள்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அடுத்ததாக உள்ளே வந்தவர் வல்லிபுரம். வன்னியில் விசுவமடுக்காரர், ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். நாற்பத்தைந்து வயதிருக்கும். கோயிலுக்குப் போவது போல மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். கதிரையின் நுனியில் இருந்தார்.

"ஒரு கேள்வி மட்டுந்தான் தங்கச்சி. ஓம், இல்லை எண்டு சொன்னால் போதும். போயிடுவன்."

"கேளுங்கோ அண்ணை."

"மச்சாளைக் கட்டலாமோ? சட்டத்திலை இடமிருக்கோ?"

"எந்த முறையிலை மச்சாள்?"

"மனுசியின்ரை தங்கச்சி."

"மனுசி?"

வல்லிபுரம் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். "தவறிட்டா."

மிருணாளினிக்கு மனம் இளகிவிட்டது. காலையிலேயே மனித உரிமையைக் கேட்டுக் களைத்திருந்தவளுக்கு, இது ஒரு நேர்மையான மனிதனின் நேர்மையான கேள்வியாகப் பட்டது. மனைவியைப் பறிகொடுத்த ஆள், தனக்கு ஒரு துணை வேண்டும் என்று மனைவியின் தங்கையைக் கட்ட நினைக்கிறார். ஊரில் நடக்காத விசயமா? பிரான்சில் அதற்கு ஒரு தடையும் இல்லை, மனைவி உயிரோடு இல்லையென்றால் தாராளமாகக் கட்டலாம் என்று விளக்கினாள். நல்ல முடிவு அண்ணை என்றுகூடச் சொன்னாள். பிறகு குறிப்பெழுதப் பேனாவை எடுத்தாள்.

"மனுசி எப்ப தவறினவ?"

மேசையில் கிடந்த வல்லிபுரத்தின் கைத்தொலைபேசி அதிரத் தொடங்கியது. திரையில் ஒரு பெண்ணும் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண்பிள்ளையும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்ந்து கிடந்தபடியே அது மேசையை உலுக்கியது.

"எடுங்கோ அண்ணை. மச்சாளாக்கும்."

"இல்லைத் தங்கச்சி." அவருடைய குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "மனுசி."

"செத்த மனுசியோ?"

"ஓம். இந்த நேரத்துக்குத்தான் எடுக்கிறவ."

மிருணாளினி பேனாவை மூடி வைத்தாள். எழுந்து போய், படிக்கட்டில் காத்திருந்த மற்றவர்களுக்கு இன்றைக்கு இனி ஒருவரையும் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். "இப்ப முதலிலை இருந்து சொல்லுங்கோ" என்றாள்.

கதை இதுதான். வல்லிபுரம் பிரான்சுக்கு வந்து தஞ்சம் கேட்டபோது, கேஸ் எழுத ஞானசுந்தரத்திடம் போயிருக்கிறார். தனக்கு நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். போர் முடிந்ததும் தடுப்பு முகாமில் நாட்கணக்கில்லாமல் கிடந்தது, முதுகில் வயர் கட்டையால் அடி வாங்கியது, விட்ட பிறகும் திரும்பத் திரும்ப வந்து பிடித்துப் போனது. ஞானசுந்தரம் முழுவதையும் கேட்டு, வடையைக் கடித்து, உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். இது போதாது. அடி எல்லாருக்கும்தான் விழுந்தது, அதற்கு யார் அகதி அட்டை கொடுப்பான்? கேஸில் ஒரு சாவு வேண்டும். தாய் தகப்பன் சாவு என்றால் வயசுபோன சாவு, எடுபடாது. பிள்ளை சாவு என்றால் பாவம், வாய் கூசும். ஆகவே மனுசி.

அப்படியாக, விசுவமடுவில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்த சிவனேஸ்வரியை, பாரிசின் பத்தாம் வட்டாரத்தில் வைத்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் கொன்றுவிட்டார்கள். மகள் ஆரணியை உயிரோடு விட்டார்கள். அது பெருந்தன்மை.

"அகதி அலுவலகத்திலை முதுகைக் காட்டினனீங்களோ?" என்று கேட்டாள் மிருணாளினி.

"இல்லை. அண்ணை வேண்டாம் எண்டவர். ரெண்டு கதை சொன்னால் கேஸ் குழம்புமாம்."

அவளுக்குக் கோபத்தில் காது சுட்டது. நடந்தது முதுகில் இருக்கிறது. மருத்துவர் பார்த்து எழுதித் தரக்கூடிய தழும்பு. அதைச் சட்டைக்குள் மூடி வைத்துவிட்டு, நடக்காத ஒன்றை வாயால் சொல்லியிருக்கிறார் இந்த மனிதர். கையில் இருந்த பவுண் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு கவரிங்கைப் போட்டுக்கொண்டு அடகுக் கடைக்குப் போன கதை. கவரிங்குக்கும் அட்டை கிடைத்துவிட்டது என்பதுதான் ஞானசுந்தரத்தின் புகழ்.

அட்டை கிடைத்த பிறகு மனைவியைக் கூப்பிட வேண்டும். செத்தவளை எப்படிக் கூப்பிடுவது? வருசக்கணக்காக வல்லிபுரம் "பேப்பர் வருகுது" என்று மனைவிக்குச் சொல்லிச் சமாளித்திருக்கிறார். ஆரணி வளர்ந்துகொண்டு போகிறாள். இன்னும் கொஞ்சம் போனால் பிள்ளை என்ற கணக்கில் அவளைக்கூட எடுக்க முடியாது. அவசரத்தில் திரும்ப ஞானசுந்தரத்திடம் போயிருக்கிறார். அப்புக்காத்து கண்ணை மூடி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

சிவனேஸ்வரிக்கு ஒரு தங்கச்சி உண்டு, கோசலை என்று. கனடாவில் கலியாணம் கட்டி, அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்துவிட்டாள். இனி அவளுக்கு இலங்கைப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எதற்கு? அந்தப் பத்திரத்தில் சிவனேஸ்வரி கோசலையாகக் கடவுச்சீட்டு எடுப்பது. அகதி அட்டையோடு இலங்கைக்குப் போக முடியாது என்பதால், வல்லிபுரம் இந்தியாவில் திருச்சிக்குப் போய் அவளைத் திரும்பக் கட்டுவது. அக்கா செத்தால் தங்கச்சியைக் கட்டுவது எங்கள் வழமை. வெள்ளைக்காரன் கேட்டால் கலாசாரம் என்று சொல்லலாம். கலாசாரம் என்றால் அவன் வாயைத் திறக்க மாட்டான்.

இதற்குச் சட்டத்தில் இடமுண்டோ என்பதுதான் வல்லிபுரத்தின் ஒரே கேள்வி.

"அண்ணை, வடிவாக் கேளுங்கோ" என்றாள் மிருணாளினி. "மகளைக் கூப்பிடவே தாயின்ரை மரண அத்தாட்சி கேப்பினம். அதுக்கும் ஒரு பொய்ப் பத்திரம் வேணும். உங்கடை மனுசி தானே போய்த் தன்ரை சாவைப் பதியவேணும். பிறகு தூதரகத்திலை மகளை இருத்தி வைச்சு, உது உனக்கு ஆர் எண்டு தாயைக் காட்டிக் கேப்பினம். பிள்ளை என்ன சொல்லுறது?"

"சின்னம்மா எண்டு சொல்லப் பழக்கலாம் எண்டவர் அண்ணை."

"பிடிபட்டால் மனுசியும் வராது, மகளும் வராது, உங்கடை கார்ட்டும் போகும். மூண்டும் ஒரேயடியாப் போகும்."

"வேறை வழி?"

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பு தானே போய், மனைவி உயிரோடு இருக்கிறாள், அந்தப் பகுதி மட்டும் பொய், மற்றபடி எனக்கு நடந்தது இதுதான் என்று உண்மையைச் சொல்வது. முதுகைக் காட்டுவது. உண்மையே தஞ்சம் கொடுக்கப் போதுமானது என்று வாதாடலாம். ஆனால் பொய் சொல்லிப் பெற்றது என்று அட்டையைப் பறிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உறுதி தர முடியாது என்று சொன்னாள். முகாமில் இருந்ததற்கு யாராவது சாட்சி இருக்கிறதா என்று கேட்டாள். கூட இருந்தவர்கள் செத்துப்போனார்கள் அல்லது எங்கே என்று தெரியாது என்றார் வல்லிபுரம்.

அவர் கவனமாகக் கேட்டு முடித்தார். "அப்ப மச்சாளைக் கட்டுறதுக்குத் தடை இல்லை, என்ன?" என்றார்.

இவருக்கு ஒன்றும் ஏறவில்லை. மிருணாளினி கண்ணை மூடித் திறந்தாள்.

"மனுசிக்குத் தெரியுமோ, தான் செத்தது?"

"இல்லை. எப்பிடித் தங்கச்சி அதைச் சொல்லுறது? ஞானசுந்தரம் அண்ணை பக்குவமாச் சொல்லுறன் எண்டவர்."

"சரி, வாங்கோ. அவரைக் கொண்டே சொல்லுவிப்பம்."

தொழில் இரகசியம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அவள் சத்தியப்பிரமாணம் செய்திருக்கிறாள். ஆனால் படியிறங்கித் தெருவைக் கடந்து தேத்தண்ணிக் கடைக்குள் கால் வைத்ததும், காப்பாற்ற அங்கே இரகசியமே மிச்சமில்லை என்று தெரிந்துவிட்டது. கல்லாவில் இருந்தவர், "என்ன வல்லிபுரம், மச்சாள் சரியாமோ?" என்று கேட்டார். ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் தலை நிமிர்ந்தார்கள். சிவனேஸ்வரி செத்த விசயம் ரூ பிலிப்-து-ஜிரார் முழுக்கத் தெரியும். தெரியாதது சிவனேஸ்வரிக்கு மட்டும்தான்.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ" என்றார் ஞானசுந்தரம். கழுத்தில் கம்பளிச் சால்வை, மூக்கு நுனியில் கண்ணாடி. "அவொகா மேடம், எங்கடை வக்கீலம்மா, கீழை இறங்கி வந்திட்டா. தம்பி, ஒரு பால்த் தேத்தண்ணி போடு."

"எனக்கு வேண்டாம். அண்ணை, இந்த மனுசனை என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"என்ன செய்தனான்? கார்ட் எடுத்துக் குடுத்தனான். நீங்கள் அப்ப படிச்சுக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

"இவருக்கு நடந்ததே காணும் கார்ட் எடுக்க."

"பிள்ளை, நீங்கள் இஞ்சை, பாரிசுக்குப் பக்கத்திலை பியர்ஃபித்திலை, பிறந்து வளர்ந்த ஆள். உங்களுக்குப் புத்தகம் தெரியும், அவங்களைத் தெரியாது. உண்மை எண்டது உப்பில்லாத கறி மாதிரி. நான் கொஞ்சம் உப்புப் போட்டனான், அவ்வளவுதான். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டு பெரியாக்கள் சும்மாவே சொன்னவை? நான் எழுதின கேஸிலை ஒருத்தனும் திரும்பிப் போகேல்லை."

"சரி. நீங்கள் எழுதின கேஸிலை ஆற்றையாவது மனுசி வந்திருக்கோ?"

ஞானசுந்தரம் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் ரோல்ஸ்காரர்களின் பக்கம் திரும்பியிருந்தார். "எழுதினது மட்டுமே? எப்பிடிச் சொல்லவேணும் எண்டு பழக்கினதும் நான்தான். மனுசி செத்த இடம் வரேக்கை கொஞ்சம் அழு எண்டனான். இவர் அழுத அழுகையிலை மொழிபெயர்ப்பாளருக்கும் கண் கலங்கிப் போச்சாம். என்ன வல்லிபுரம்?"

வல்லிபுரம் தலையைக் குனிந்துகொண்டார். மறுக்கவில்லை. பாராட்டைக் கேட்டுக் கூசுகிறவர் போலவும் இருந்தது. மிருணாளினிக்கு இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்து ஒரு அறைக்குள் பூட்டிவிடலாம் போல வந்தது.

தொலைபேசி மறுபடி அதிர்ந்தது. வழக்கமான நேரத்தில் எடுக்காத மனிதனுக்கு என்ன ஆனதோ என்று அங்கே பயந்திருப்பாள். வல்லிபுரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஞானசுந்தரம் கையை நீட்டி வாங்கினார். "நான் கதைக்கிறன், விடும்" என்றார். ஒலிபெருக்கியைப் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

"இஞ்சருங்கோ, ஏன் எடுக்கேல்லை? சுகமில்லையோ?"

"தங்கச்சி, நான் ஞானசுந்தரம். உங்கடை கேஸ் அலுவலைப் பாக்கிற அண்ணை. வல்லிபுரம் பக்கத்திலைதான் நிக்கிறார், ஒண்டுக்கும் யோசிக்காதையும். ஒரு நல்ல செய்தி. நீர் வாறதுக்கு வழி பிறந்திட்டுது."

"உண்மையாவோ அண்ணை?" அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டு மிருணாளினி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஓம் ஓம். சின்னதா ஒரு மாற்றம். உம்மடை தங்கச்சி கோசலையின்ரை பிறப்பத்தாட்சியிலை பாஸ்போட் எடுக்கவேணும்."

"ஏன், என்ரைக்கு என்ன?"

"உம்மடை பேரிலை வரேலாது."

"ஏன் வரேலாது?"

ஞானசுந்தரம் தொண்டையைச் செருமினார். பக்குவம் என்பது அவ்வளவுதான். "நீர் தவறிட்டீர் தங்கச்சி. பேப்பரிலை மட்டுந்தான். கார்ட் எடுக்கிறதுக்காக எழுதினது."

மறுபக்கத்தில் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கல்லாக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எப்பிடி?" என்றாள் சிவனேஸ்வரி.

"என்ன எப்பிடி?"

"நான் எப்பிடிச் செத்தனான்?"

எழுதியதைப் பற்றிக் கேட்டால் எந்த எழுத்தாளனுக்குத்தான் வாய் சும்மா இருக்கும். ஞானசுந்தரம் கதிரையை முன்னால் இழுத்தார். "மாரிகாலம் தங்கச்சி. நல்ல மழை. உம்மடை மனுசனைத் தேடி வந்தவங்கள். நீர் வாசல்லை நிண்டு மறிச்சனீர். என்ரை மனுசனைக் காட்டித் தரமாட்டன் எண்டு சொன்னனீர். துவக்குப் பிடியாலை அடிச்சவங்கள், அதிலேயே விழுந்திட்டீர். பிள்ளை கட்டிலுக்குக் கீழை இருந்து பாத்துக்கொண்டிருக்குது." ரோல்ஸ்காரர்கள் தின்பதை நிறுத்தியிருந்தார்கள். "நல்ல சாவு தங்கச்சி. வீரமான சாவு. குறைச்சு எழுதேல்லை."

"என்ரை பிள்ளையையும் அதுக்குள்ளை கொண்டுபோய் விட்டனியளே" என்றாள் அவள். பிறகு, "அவர் கேட்டுக்கொண்டு நிக்கிறாரோ?"

"நிக்கிறார். ஸ்பீக்கர் போட்டிருக்கு, நிப்பாட்டட்டோ?"

"வேண்டாம். நான் செத்த கதையை எல்லாரும் கேட்டவைதானே. இதையும் கேக்கட்டும். இஞ்சருங்கோ."

"சொல்லு" என்றார் வல்லிபுரம்.

"இதைச் சொல்லேக்கை நீங்கள் அழுதனீங்களோ?"

வல்லிபுரம் மிருணாளினியைப் பார்த்தார். இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர் போல.

"அழுதனான்."

"இத்தனை வருசமா நான் இஞ்சை உயிரோட தனியக் கிடக்கிறன். ரெலிபோனிலை ஒருநாள் உங்கடை குரல் உடைஞ்சதில்லை. பேப்பர் வருகுது, பேப்பர் வருகுது எண்டு சொன்னனீங்கள். நான் செத்தால்தான் உங்கடை கண்ணிலை தண்ணி வரும் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

"சிவனேஸ், கார்ட்டுக்காகத்தான்..."

"நான் கோசலை இல்லை. என்ரை பிள்ளை என்னைச் சின்னம்மா எண்டு கூப்பிட்டுத்தான் ஒரு நாட்டுக்குள்ளை வரவேணுமெண்டால், அந்த நாடு எங்களுக்கு வேண்டாம். போய் உள்ளதைச் சொல்லுங்கோ. நம்பாட்டித் திருப்பி அனுப்பட்டும்."

"அனுப்பினால் என்னைப் பிடிப்பாங்கள்."

"பிடிச்சால் நான் வந்து பாப்பன். முந்தியும் நான்தானே வந்தனான். முகாம் வாசல்லை பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு வரிசையிலை நிண்டது ஆர்? உள்ளை விடச் சொல்லி ஆமிக்காரனோடை சண்டை பிடிச்சது ஆர்? உங்கடை முதுகிலை சட்டை ஒட்டிப்போய், அதைத் தண்ணி தொட்டுத் தொட்டுக் கழட்டினது ஆர்? செத்தவளோ?"

இணைப்பு அறுந்தது. இந்த முறை அவள்தான் அறுத்தாள்.

மிருணாளினி வல்லிபுரத்தைப் பார்த்தாள். மேலே, தன் அலுவலகத்தில், சாட்சி இருக்கிறதா என்று இந்த மனிதரிடம் கேட்டிருந்தாள். செத்துப்போனார்கள், இல்லாவிட்டால் எங்கே என்று தெரியாது என்று சொன்னார். முகாம் வாசலில் நின்றவள், காயத்தைக் கண்ணால் கண்டவள், கையால் தொட்டவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவள் மனைவியல்லவா, அவளைச் சாட்சியாக நினைக்க இவருக்குத் தோன்றவே இல்லை. தன் கேஸில் ஒருத்தனும் திரும்பிப் போகவில்லை என்று மார்தட்டும் அப்புக்காத்து, கேஸை வெல்வதற்காகத் தன் கட்சிக்காரனின் ஒரே சாட்சியைக் கொன்றிருக்கிறார். அதை வீரமான சாவு என்று வேறு சொல்கிறார். இந்தச் சனத்தின் தலையெழுத்தை நினைத்து அழுவதா காறித் துப்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பொம்பிளையள் உப்பிடித்தான்" என்றார் ஞானசுந்தரம், தேத்தண்ணியைக் கையில் எடுத்தபடி. "ஆத்திரம் அடங்கட்டும். கோசலையின்ரை நம்பரைத் தாரும் வல்லிபுரம், நான் அவவோடை ஒருக்கா..."

"விடுங்கோ அண்ணை" என்றார் வல்லிபுரம். அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். தெருவைக் கடந்து, சேலைக் கடைக்குப் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு படியேறினார். மிருணாளினி பின்னால் போனாள்.

மேலே வந்ததும் அவள் கணினியைத் திறந்தாள். திரும்பவும் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அட்டை போகலாம். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அதே மாதிரி ஒரு அறை, அதே மாதிரி ஒரு மேசை, எதிரே ஒரு அதிகாரி, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். மனைவி உயிரோடு இருக்கிறாள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிவனேஸ்வரியிடமிருந்து சாட்சி வாங்க வேண்டும், அவள் இனி இவரோடு பேசினால். முதுகை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வல்லிபுரம் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். இந்த முறை கதிரையில் முழுதாகச் சாய்ந்திருந்தார்.

"விளங்குதோ அண்ணை?"

"விளங்குது."

அவள் தட்டச்சுச் செய்யத் தொடங்கினாள். பெயர், பிறந்த ஊர், மனைவியின் பெயர். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயமும் வெந்நீரும் தின்ற கைகள்.

"தங்கச்சி."

"ம்."

"அங்கை போய் உள்ளதைச் சொல்லேக்கை எனக்கு அழுகை வந்தால், நடிக்கிறன் எண்டு நினைப்பாங்களோ?"

மிருணாளினியின் விரல்கள் நின்றன. மீன் பொரிக்கும் உரிமையிலிருந்து மச்சாளைக் கட்டுவது வரை எதைக் கேட்டாலும் இந்த மேசையில் அவளிடம் ஒரு பதில் இருந்திருக்கிறது.

"தெரியேல்லை அண்ணை" என்றாள்.